கைக்கணக்கு

பனியனுக்கு ஒரு கை மாட்டினால் எண்பது பைசா.
திருப்பூரில் பதினாலு வருசம்;
ரூபாயில் யோசிக்க மறந்துவிட்டது எனக்கு.
பால் பாக்கெட் முப்பது கை.
சின்னவளின் ஜாமெட்ரி பாக்ஸ் நூற்றைம்பது.

வயிறு கூப்பிடுவது ஒன்பதேகாலுக்கு,
சரியாய் லைன் சூடு பிடிக்கும்போது.
முறுக்கிப் பிழியும், ஈரத்துணி மாதிரி.
போனால் வராது.
வந்து உட்கார்ந்தால் மறுபடி கூப்பிடும்.
டோக்கன் லைனுக்கு ஒன்று, பச்சை பிளாஸ்டிக்,
தனபால் மேசையில்.
"ஏனுங் ரங்கநாயகி, மறுக்காவா?"
மரியாதையாகத்தான் கேட்பார்.
நாற்பது மெசினும் ஒரு நொடி நின்று ஓடும்.

அப்புறம் நான் காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

கோயமுத்தூரில்
லிப்டுக்குள்ளேயே பாட்டு ஓடும் ஆஸ்பத்திரி.
முதலிலேயே ஈ.எஸ்.ஐ.க்கு ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள்,
பயம் பெரிய கட்டடத்தைத்தான் தேடும்.
டாக்டரைப் பார்க்க எழுநூற்றைம்பது கை.
ஸ்கேன் இரண்டாயிரம்.
குழாய் விட்டுப் பார்க்கப் பதினோராயிரம் கை,
கட்டில் தனி, மயக்கம் தனி.
கையுறைக்கும் தனியாய்க் கை போட்டிருந்தார்கள்.

முந்தின ராத்திரி இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர்.
விடிய விடியப் போனேன்.
வெள்ளை டைல்ஸ், நல்ல தாழ்ப்பாள்,
எனக்கே எனக்கென்று ஒரு கக்கூஸ்.
சொன்னால் சிரிப்பீர்கள்,
வலியோடு வலியாய்க் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.
ராத்திரிக்கு மூவாயிரம் கை.

படம் படமாய் என் குடலைக் கொடுத்தார்கள்.
ரோஸ் கலர், மடிப்பு மடிப்பாய்,
அயர்ன் போடாத புதுத்துணி.
"புண் இல்லை, கட்டி இல்லை, எல்லாம் நார்மல்.
எரிச்சல் குடல்னு சொல்வோம். டென்சன் ஆகாதீங்க."
எங்க வூட்டுக்காரர்
கம்மல் அடகு வைத்த ரசீதைச் சட்டைப் பைமேல் தடவிக்கொண்டு
"ஒண்ணுமில்லீன்னு சொல்றதுக்கா இத்தன?" என்றார்.
கட்டி இல்லை என்பதற்கு அழுதேன்.
ஒன்றுமில்லை என்பதற்கும் அழுதேன்,
அது வேற அழுகை.
இன்சூரன்ஸ் பெண் போனில் சொன்னாள்:
பரிசோதனைக்கு மட்டும் சேர்ந்தால் வராதுங்க மேடம்,
ஏதாவது இருந்திருந்தால் வந்திருக்கும்.

மாத்திரை தீர்ந்த மாசம் ஈ.எஸ்.ஐ. போனேன்.
வெயிலில் வரிசை. தொண்ணூற்று மூணாம் நம்பர்.
டாக்டரம்மாவுக்கு ஜலதோசம், கர்சீப்பும் கையுமாய்
படங்களை இரண்டு புரட்டுப் புரட்டி மூடினார்.
"கம்பெனியில கக்கூஸ் எத்தன?"

யாரும் கேட்டதில்லை இதை.

ரெண்டுங். ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்.
"எத்தனை பொம்பளைங்க?"
விரல் விட்டு எண்ணினேன். அறுபத்தி நாலு.
"தண்ணி குடிக்கிறீங்களா?"
குடிச்சாப் போகோணுமேங்.

மூக்கைத் துடைத்துவிட்டு எழுதினார்.
பால் டீ வேண்டாம், பட்டினி வேண்டாம், ஒரு மாத்திரை.
பிறகு தனித்தாளில்:
இவர் தேவைப்படும் போதெல்லாம்
கழிப்பறை செல்ல அனுமதிக்கவும்.
வட்ட முத்திரை கலங்கி விழுந்தது.

தனபால் படித்தார். திருப்பிப் பார்த்தார்.
பின்னால் ஒன்றும் இல்லை.
"மொதலாளிகிட்டக் காட்றனுங்."
டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.
அது ஜெராக்ஸ். ஒரிஜினல் என் டிபன் பைக்குள்.
இரண்டு ரூபாய், இரண்டரைக் கை.

வயிறு குணமாகிவிடவில்லை.
இன்றைக்கும் ஒன்பதேகாலுக்குக் கூப்பிட்டது.
கேட்காமல் எழுந்து போனேன்.
திரும்பி வந்து ஐந்நூற்று நாற்பது கை மாட்டினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்
செக்கிங் டேபிள் தாட்சாயிணி பக்கத்தில் வந்து நின்றாள்,
ரோட்டைப் பார்த்தபடியே.
"அக்கா, அந்தக் கடுதாசி...
பேரை மட்டும் விரலால மறச்சு
எனக்கொண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

உள்ளங்கையில் இரண்டு ரூபாய்க் காசு
வேர்த்துப் போயிருந்தது.